அம்மா தலையில் அடித்த சத்தியம்

இதை எழுதக் கூடாது என்று எனக்கு மூன்று தரப்பிலிருந்து உத்தரவு. குடும்ப மானம் போய்விடும் என்றான் தம்பி. பெண்பிள்ளையின் கல்யாணம் கெட்டுவிடும் என்றார் தம்பி மனைவியின் அண்ணன். அந்தப் பெண்பிள்ளை எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பிள்ளை பெறாதவள் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்டார் எங்கள் தெருவில் ஒரு அம்மாள். மூன்று ஆட்சேபணைகளையும் கேட்டுக்கொண்டேன். மூன்றும் தள்ளுபடி. எனக்குத் தெரிந்த நீதிபதிகளில் ஒருவர்கூடக் கொலை செய்து பார்த்துவிட்டுக் கொலை வழக்கில் தீர்ப்பு எழுதியதில்லை.

ஒரே ஒருவனுடைய சம்மதம்தான் எனக்குத் தேவை. அவன் என் தம்பி மகன்; பதினொன்றாம் வகுப்பு. இங்கே அவனுக்கு சஞ்சய் என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுதியதை அவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "என்னைய ரொம்ப நல்லவனா எழுதிட்டீங்க அத்தை. கொஞ்சம் கொறைங்க" என்றான். குறைத்திருக்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவள். நடுவில் நெடுங்காலம் பெஞ்ச் கிளார்க். சாட்சிக்கூண்டில் ஏறுகிறவரைக் கடவுள் பெயரால் பிரமாணம் எடுக்கச் சொல்வது என் வேலை. பிரமாணம் எடுத்த வாய் மூடுவதற்குள் பொய் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவம் ஓர் ஆஸ்பத்திரியில் பயன்படும் என்று நினைத்ததில்லை.

தம்பி கணேசன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறான். காயத்தில் மருந்து வைத்துச் சுற்றுகிறார்களே, அந்த வலைத்துணி. வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம். பகல் முழுவதும் தறிச் சத்தம், அதற்கு மேல் கணேசன் சத்தம். அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை.

புரட்டாசி மாதத்துச் சனிக்கிழமை காலை அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, செத்த வாங்க. பயலுக்குக் கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நொரை. சாவிக்கொத்தைக் கையில குடுத்திருக்கோம், நிக்க மாட்டேங்குது."

"அந்தக் கொத்துல கார் சாவி இருக்கா?"

"இருக்கு."

"அதைப் பிடுங்கிக் காரை எடு. ஆஸ்பத்திரிக்குப் போ."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெருமாள் குன்றான திருவண்ணாமலைக்குப் போகிற கூட்டம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் பெருமாளைப் பார்க்க ஒரு பக்கம் போக, நான் எதிர்ப்பக்கம் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கு எனக்கு மட்டும்தான் உட்கார இடம் கிடைத்திருக்கும்.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நான் போனபோது இழுப்பு நின்று பையன் அடித்துப்போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தான். கீழுதடு கடிபட்டுக் கிழிந்திருந்தது. முத்துலட்சுமி, என் தம்பி மனைவி, அவன் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்தபடி இருந்தாள். அவள் காலில் செருப்பில்லை. போட மறந்து வந்திருக்கிறாள்.

டாக்டர் இளைஞர். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுமையாக இருப்பவர். வக்கீல்களிடம் நான் அதிகம் காணாத குணம். வலிப்பைப் பற்றி அவர் சொன்னதை எங்கள் வீட்டு மொழியில் இப்படிச் சொல்லலாம். மூளை மின்சாரத்தில் ஓடுகிறது. தறிக்கூடத்தில் மின்சாரம் கோளாறாகி எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் தாறுமாறாக அடித்தால் எப்படியிருக்கும், அதுதான் வலிப்பு. அது ஒரு நோயின் பெயரல்ல, எங்கேயோ ஏதோ சரியில்லை என்பதற்கான அறிகுறி. காய்ச்சல், தலையில் அடி, கட்டி, மூளையில் கிருமி, சர்க்கரை இறங்குவது, சில மருந்துகள், இதில் எதுவும் காரணமாகலாம். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை.

"இவனுக்கு வேற ஏதாவது மாத்திரைப் பழக்கம், போதைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

"சே, என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க! எம்புள்ள காப்பிகூடக் குடிக்க மாட்டான்" என்றாள் முத்துலட்சுமி.

கணேசன் மின்விசிறியைப் பார்த்தான். கண் விழித்திருந்த பையன் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தான். ஒரு கேள்விக்கு மூன்று பேர் மூன்று இடத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். டாக்டரும் கேட்டார். மறுபடியும் அம்மாதான் பதில் சொன்னாள்.

பிறகு சோதனைகள். முதலில் தலைக்கு ஸ்கேன்: ஒரு பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படம் எடுப்பது. வலி கிடையாது. அடுத்து தலை முழுவதும் பசை தடவி ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடாக எடுப்பது. அதற்கும் வலி கிடையாது. பசை போகத் தலையைக் கழுவத்தான் சிரமம். மூன்றாவது முதுகு நீர். பையனைச் சுருட்டிப் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே எலும்புகளுக்கு நடுவில் ஊசி விட்டு, மூளையைச் சுற்றி ஓடும் நீரில் சில சொட்டு எடுப்பார்கள், கிருமி இருக்கிறதா என்று பார்க்க. இதற்குக் கையெழுத்து கேட்டபோது கணேசனின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றுவிட்டது. "முதுகுல குத்துனா கால் போயிரும்ங்காவளே?" என்றான். ஊசி போகும் இடத்தில் தண்டுவடமே கிடையாது, அது அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கையெழுத்துப் போட்டான். சிறுநீரில் போதைப்பொருள் பார்க்கும் அட்டைச் சோதனையும் செய்தார்கள். அந்த அட்டைக்கு எல்லா மாத்திரையும் தெரியாது என்பதையும் டாக்டரே சொன்னார்.

எல்லா முடிவும் சுத்தம். 'நார்மல்' என்ற சொல்லுக்கு இவ்வளவு பயப்பட முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக் காத்திருப்புக் கூடத்தில் பழகிவிட்டால் அதுவும் ஒரு தெரு. சுந்தரநாச்சியார்புரத்திலிருந்து மாமியாரைச் சேர்த்திருந்த ஒரு பெண் தினமும் எங்களுக்கும் சேர்த்து இட்லி கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டால், "பாத்திரம் பெருசு" என்றாள். எட்டாம் வகுப்புக்காரி தாரணி பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அம்மாவுக்குத் தலைபின்னி விடுவாள். சஞ்சயுடன் கூடைப்பந்து ஆடும் பையன்கள் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களை முத்துலட்சுமி வாசலோடு அனுப்பிவிட்டாள். ஒருவன் பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பில்லில் பேண்டேஜ் உருளையின் விலையைப் பார்த்த கணேசன், "அக்கா, இது நம்ம கூடத்துல ஓடுற துணி. நான் எம்புட்டுக்குக் குடுக்கேன்னு சொன்னா இவிய நம்ப மாட்டாவ" என்று சிரித்தான். அங்கே அவன் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

முத்துலட்சுமியின் அண்ணன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவர் பெயரே சுபேதார்தான். நாலாம் நாள் வந்தார், படுக்கையின் விறைப்பைச் சோதிப்பவர் போல விரிப்பை இழுத்துவிட்டார், "என்னலே, ஆம்பளப்பய இப்படியா படுத்துக் கெடக்கது?" என்று கேட்டார். மாமா அறையில் இருந்தவரை அவன் அந்தக் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது வலிப்பு வந்தது. இந்த முறை நான் பக்கத்தில் இருந்தேன். அதை வர்ணிக்கப் போவதில்லை. டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். இழுப்பு நின்றது. கூடவே மூச்சும் நிற்கப் பார்த்தது. மார்பு ஏறுகிறதா என்று நாங்கள் உற்றுப்பார்க்க வேண்டியிருந்தது. உதடு கறுத்தது. முகத்தில் மூடியை வைத்து, பலூன் போன்ற பையை அமுக்கி அமுக்கி அவனுக்காக அவர்கள் மூச்சு விட்டார்கள். செத்த நேரம்தான். ஆனால் முத்துலட்சுமி அதற்குள் கிழவியாகிவிட்டாள்.

நிறம் திரும்பியதும் டாக்டர் எங்களிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"வலிப்பை நிறுத்துற ஊசி கொஞ்சம் தூக்கம் கொடுக்கும், மூச்சை லேசா மட்டுப்படுத்தும். இந்த அளவுக்கு இவ்வளவு மட்டுப்படாது. இவன் உடம்புல ஏற்கெனவே அதே மாதிரி வேலை செய்யற ஏதோ ஒண்ணு இருக்கு. அது என்னன்னு தெரியாம இன்னொரு வலிப்பு வந்தா, ஊசி போட்டாலும் ஆபத்து, போடாட்டியும் ஆபத்து. தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க."

கணேசன் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தான்.

ஊசி ஏறிய வலது கை வீங்கியிருந்தது. நர்ஸ் ஸ்டெல்லா இடது கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மணிக்கட்டுலதான் நரம்பு நல்லா தெரியுது. இந்தக் கயித்தை வெட்டிக்கிடுதேன்மா" என்று கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதீங்க சிஸ்டர்! ஐயோ வெட்டாதீங்க!"

முத்துலட்சுமி போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கயிறு கட்டிய கைகள் ஆஸ்பத்திரிக்கு நிறைய வருகின்றன. அவிழ்க்கச் சொன்னால் முணுமுணுப்பார்கள். யாரும் இப்படி அலறுவதில்லை. அவள் தோளைப் பிடித்து மாடிப்படி வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கணேசனும் சுபேதாரும் பின்னாலேயே வந்தார்கள்.

"என்ன கயிறு அது?"

"சாமி கயிறு மதினி."

"எந்தச் சாமி? எதுக்குக் கட்டினது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சுபேதார் தொண்டையைச் செருமினார். அவள் வாயை மூட அது போதுமாக இருந்தது. "ஏட்டி, உன்னையத்தான் கேக்கேன்" என்றேன். உடைந்து சொல்லிவிட்டாள்.

நாலைந்து மாதங்களுக்கு முன்னால் பையனின் ஜியாமெட்ரி பெட்டியில் கணேசன் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்திருக்கிறான். கூடைப்பந்தில் தோள்பட்டை பிசகியபோது கூட ஆடுகிற ஒருவன் கொடுத்த கடுமையான வலி மாத்திரை. தோள் சரியான பிறகும் பையன் அதை விடவில்லை. கணேசன் பெல்ட்டை எடுத்திருக்கிறான். சுபேதார் வந்து, அடி மட்டும் போதாது என்று, மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கோவிலுக்கு அவனைக் கூட்டிப்போயிருக்கிறார். குடியை விடுகிறவர்கள் கயிறு கட்டிக்கொள்ளும் கோவில். வளர்ந்த ஆண்கள் தாமாகப் போய்ச் சூடத்தை அணைத்து, இனித் தொட மாட்டேன் என்று கட்டிக்கொள்வார்கள். அதில் விட்டவர்களும் உண்டு. அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இவர்கள் பதினாறு வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டினார்கள். கயிறு போதாதென்று அம்மாவை எதிரே உட்காரவைத்து, அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். தொட்டால் உங்கம்மா உசிரோடு இருக்க மாட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

"பேசக் கூடாதுன்னு யார் சொன்னது? பூசாரியா?"

"இல்ல மதினி, அண்ணன்தான். பேசுனா கட்டு இளகிரும்னு."

நீதிமன்றத்தில் இதற்குக் கேஸ் கட்டை முடித்து அலமாரியில் போடுவது என்று பெயர். மாத்திரையைப் பற்றி அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒரு சொல் பேசப்படவில்லை. அவன் தூங்கினானா, யாரோடு சுற்றினான், தோள் வலிக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கட்டு இளகும்.

"ஆனா அவன் தொடலை மதினி" என்றாள் முத்துலட்சுமி. "நான் நல்லாத்தான இருக்கேன்? எனக்கு ஒண்ணும் ஆகலியே. அப்ப அவன் தொடலைன்னுதான அர்த்தம்?"

விசித்திரமான தடயப் பொருள்கள் பலவற்றுக்கு நான் எண் போட்டிருக்கிறேன். ஒரு தாய் தன் உடம்பையே தடயமாக நீட்டியதை அதுவரை பார்த்ததில்லை.

"போன மாசம் தறிக்கூடத்துல மயங்கி விழுந்தியே?"

"அது பிரஷர். இதே ஆஸ்பத்திரியில இந்த டாக்டரேதான் பாத்துச் சொன்னாரு."

"உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமா?"

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கணேசன்தான் முதலில் பேசினான். "அக்கா, இப்பச் சொன்னா போலீஸ் வரும். பள்ளிக்கூடத்துல டிசி குடுத்துருவாவ."

"வைத்தியம் பாக்குற டாக்டர்கிட்டச் சொல்றது வாக்குமூலம் இல்ல. டாக்டர் பள்ளிக்கூடத்துக்குக் கடுதாசி போட மாட்டார். போலீஸ் வந்தா நான் பேசிக்கிறேன், எந்த ஸ்டேஷன்ல யார்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். புள்ள மூச்சு நின்னா அதுக்கு எந்த ஆபீஸ்லயும் மேல்முறையீடு கிடையாது."

சுபேதார் விடவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு சென்டர் இருக்கு. வேன்ல வந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போயிருவான். ஆறு மாசம் வெளியவே விட மாட்டான். அடி பின்னிருவான். ஆளு சரியாத்தான் வருவான்."

"அந்த மாதிரி இடத்துக்கு லைசென்ஸ் யார் குடுக்கணும், யாரை எப்படிச் சேர்க்கணும், எல்லாத்துக்கும் விதி இருக்கு. மைனர் பையனைக் கட்டித் தூக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு சென்டர் இல்ல சுபேதார், ஆள்கடத்தல். அந்தச் சொல்லை நான் எத்தனையோ தடவை டைப் அடிச்சிருக்கேன். இன்னொரு தடவை அடிக்கவும் விரல் இருக்கு."

"நீங்க புள்ள பெத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க."

"பெத்தவங்க பேசாம இருந்துதான் எல்லாரும் இங்க வந்து நிக்கிறோம்."

அதற்கு மேல் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. முத்துலட்சுமி எழுந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனையும் புருஷனையும் தாண்டி நேராக அறைக்குள் போனாள். நாங்கள் பின்தொடர்ந்தோம்.

பையன் விழித்திருந்தான். முகத்தில் ஆக்சிஜன் மூடி. அவள் அவனுடைய இடது கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். அவன் பயந்து இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை.

"இந்தத் தலையிலதான அடிச்ச? இது என் தலை. இதுக்கு நான்தான் அதிகாரி. உங்கப்பா இல்ல, மாமா இல்ல. நீ அடிச்ச சத்தியத்தை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன். நீ எதைத் தொட்டிருந்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. போன மாசம் நான் விழுந்தது பிரஷர்லே. உன்னால இல்ல."

மூடிக்குள்ளிருந்து அவன் ஏதோ கேட்டான். டாக்டர் குனிந்து மூடியைச் சற்றுத் தூக்கினார்.

"நெசமாவா?"

"இந்தா டாக்டரையே கேளு."

"பிரஷர்தான் தம்பி" என்றார் டாக்டர். "ஊறுகாயைக் குறைக்கச் சொல்லு."

முத்துலட்சுமி நர்ஸிடம் கையை நீட்டினாள். அவர் பேண்டேஜ் வெட்டும் கத்தரிக்கோலைத் தந்தார். அவளே கயிற்றை வெட்டினாள். வெட்டிய கயிற்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். சாமி கயிறு, குப்பையில் போட மனம் வரவில்லை. பிரமாணத்திலிருந்து ஒருவனை விடுவிக்கிற நடைமுறை நான் படித்த எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அவள் அதை அந்தக் கட்டிலருகே நின்று இயற்றினாள்.

அவன் சொன்னான். கோவிலிலிருந்து வந்து கொஞ்ச நாள் தொடவில்லையாம். பிறகு உடம்பு முறுக்கியது, தாங்கவில்லை, ஒன்று போட்டிருக்கிறான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. அப்போதுதான் அவள் தறிக்கூடத்தில் விழுந்தாள். தன்னால்தான் என்று நினைத்துவிட்டான். விடவும் முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் சத்தியம் உடைந்தது உறுதியாகி அம்மா செத்துப்போவாள். பயம் வரும்போதெல்லாம் கூடுதலாகப் போட்டிருக்கிறான். அன்று மத்தியானம் போட்டது போன் உறைக்குள் ஒளித்து வைத்திருந்தது. பொழுது போகட்டும் என்று அந்தப் போனைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவன் அம்மா.

அந்த வகை வலி மாத்திரை அளவு கூடினால் வலிப்பைக் கொண்டுவரும், தூக்க ஊசியோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும் என்று டாக்டர் விளக்கினார். மருந்தை மாற்றினார். அதற்குப் பிறகு வலிப்பு வரவில்லை. வருடக்கணக்கில் விழுங்க வேண்டியிருந்த வலிப்பு மாத்திரையும் தேவைப்படவில்லை. ஒரு உண்மை அத்தனை சோதனைகளின் வேலையையும் செய்துவிட்டது, அதுவும் பில் இல்லாமல்.

ஆனால் பழக்கம் கயிறு மாதிரி ஒரு வெட்டில் போகிற விஷயமில்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கணேசன் மதுரைக்குப் போகலாம் என்றான். அங்கே தெரிந்தவர்கள் பார்க்க மாட்டார்களாம். "ஒளிச்சு வச்சதால வந்த வியாதியை ஒளிஞ்சுபோய் பாக்கணுமாலே?" என்று கேட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அம்மாவும் பிள்ளையும் என் வீட்டில் தங்கினார்கள். மருந்தை மெல்லக் குறைத்து விடும்போது என்ன ஆகும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்: மூக்கு ஒழுகும், ஓயாமல் கொட்டாவி வரும், மயிர்க்கூச்செறியும், வயிறு போகும், கால் இழுத்துப் பிடிக்கும், எரிச்சலில் எல்லோரையும் கடிப்பான். எல்லாம் வந்தது. என் வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு அவன் சொன்ன சொற்களை இங்கே எழுத முடியாது. சாகிற வலி மாதிரி இருக்கும், ஆனால் இது கடந்துபோகும் என்று தெரிந்திருந்ததால் சமாளித்தோம்.

மனநல மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பையனைவிட அதிக நேரம் பெற்றோரை உட்காரவைத்தார். கணேசன் குற்றவாளி போல நுனி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் அடிக்கவே கூடாதா மேடம்?"

"கூடாது."

"பொறவு எப்படிப் பயம் வரும்?"

"பயம் நிறைய இருந்துச்சே சார். அதனாலதான் உங்ககிட்ட ஒளிச்சான்."

விதிகள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சமாக இருக்கட்டும், முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். இன்று பெல்ட், நாளை பிரியாணி என்று மாறாதீர்கள். தப்புக்கு விலை உண்டு, உண்மை சொன்னதற்கு விலை கிடையாது. அவன் சிநேகிதர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், வேவு பார்க்காமல். நல்லது செய்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுங்கள், போன் இல்லாமல். "இதெல்லாம் மாத்திரை வர்றதுக்கு முன்னாடி செய்யறது" என்றார். "அப்ப செஞ்சிருந்தா நீங்க என்னைப் பாக்க வேண்டியதே வந்திருக்காது. இப்பவும் செய்யலாம். வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கால்ல?"

பையன் ராஜபாளையம் திரும்பியதும் கணேசன் இதையெல்லாம் அமல்படுத்தத் தொடங்கினான். பாராட்டுவது அவனுக்குப் பழக்கமில்லாத தொழில். முதல் நாள், "சோறு நல்லாத் திங்கிறலே" என்றான். அடுத்த நாள், "குளிச்சது நல்லாருக்கு" என்றான். பையன் என்னிடம் போன் செய்து, "அத்தை, அப்பாவுக்கு ஏதும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். சாயங்காலம் சாப்பாட்டு நேரத்துக்குத் தறியை நிறுத்தினார்கள். ஆர்டர் தாமதமாகிறது என்று புலம்பிக்கொண்டே நிறுத்தினான், ஆனால் நிறுத்தினான். வாசலோடு அனுப்பிய கூடைப்பந்துப் பையன்களை முத்துலட்சுமி வீட்டுக்குள் கூப்பிட்டு வடை போட்டாள். இப்போது அத்தனை பேர் பெயரும் அவளுக்குத் தெரியும், யார் எந்தத் தெரு என்பதும் தெரியும். தாரணி, "அண்ணனுக்கு என்ன?" என்று கேட்டபோது இருவரும் உண்மையைச் சொன்னார்கள். அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் திணறினார்கள். பரவாயில்லை. அந்தக் கேள்விகள் அவர்கள் முன்னால் கேட்கப்பட்டன.

சுபேதார் இன்னும் நாலு சாத்து சாத்தினால் சரியாகும் என்ற கட்சியில்தான் இருக்கிறார். இருக்கட்டும். எதிர்த்தரப்பு இல்லாத வழக்கு ஏது?

பையன் ஒழுங்காகிவிட்டான், சுபம் என்று முடித்திருப்பேன். நடந்தது வேறு.

தை மாதம் ஒருநாள் சாயங்காலம் நான் ராஜபாளையத்தில் அவர்கள் வீட்டில் இருந்தேன். தறி நின்றிருந்தது. இலை போட்டாயிற்று. சஞ்சய் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தான். ஒற்றை மாத்திரை.

"இன்னைக்கு ஒருத்தன் குடுத்தான். வாங்கிட்டேன்" என்றான். "இன்னும் போடலை. போட்டுருவேனோன்னு இருக்கு."

கணேசனின் கை இடுப்புக்குப் போனது. அங்கே பெல்ட் இருந்தது. தாரணி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இது என் நீதிமன்றமில்லை. அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கி, செம்பை நகர்த்தி, மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டது.

"சொன்னதுக்கு ஒண்ணும் கிடையாதுலே" என்றான். "வாங்குனதுக்கு ஒரு வாரம் சாயங்காலம் வெளிய போகக் கூடாது, ஏற்கெனவே பேசுனதுதான். நாளைக்குக் காலையில டாக்டரம்மாவைப் போய்ப் பாப்போம். நானும் வாரேன்."

பையன் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். முகத்தை அல்ல, தலையை. அவ்வளவு மாதமும் அந்தப் பயம் அவனைவிட்டு முழுதாகப் போகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முத்துலட்சுமிக்கும் தெரிந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் உச்சந்தலையில் பட்டுப்பட்டென்று இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இந்தா, இருந்த எடத்துலதான் இருக்கு. உக்காந்து சாப்பிடு."